கிரானைட் பாலிஷ் அளக்க 60 டிகிரி கிளாஸ் மீட்டர்: வாங்கலாமா?

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் ஸ்லாப் தரம் பார்ப்பது என் வேலை. முதலாளி வாங்கித் தந்த கையடக்க கிளாஸ் மீட்டர் (gloss, அதாவது பளபளப்பை அளப்பது) இது, 60 டிகிரி மட்டும் அளக்கும் மாடல். தாராளமாக வாங்கலாம். "ஷைனிங் பத்தலை" என்று லோடு ஏற்றும் நேரத்தில் வரும் வாக்குவாதம் பெருமளவு குறைந்துவிட்டது.

கல் மேல் 60 டிகிரி சாய்வில் ஒளியை விட்டு, எதிர்ப்பக்கம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. ஒளிவிலகல் எண் 1.567 உள்ள வழவழப்பான கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்பது கணக்கு. மீட்டரோடு வரும், அளவு குறித்த டைலில் வைத்துத் தினமும் சரிபார்க்க வேண்டும். பாலிஷ் தூசி படிந்த டைலை வைத்தால் அன்றைய அளவு எல்லாமே தப்பு.

நம்ம ஊர் பாரடைசோ என்ற கிரானைட் வகையில்தான் இதன் அருமை தெரியும். அதில் கறுப்பு அபிரகம் (மைக்கா) வரிவரியாக ஓடும். அபிரகம் மிருதுவானது, ஏடு ஏடாகப் பிரியும், பாலிஷ் ஏறாது. குவார்ட்ஸ் பக்கம் நல்ல அளவு காட்டும் அதே ஸ்லாப், அபிரக வரியில் சட்டென்று இறங்கும். அதனால் நாலு மூலை, நடு என்று பல இடங்களில் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் பக்கமும் இறங்கினால்தான் மெஷினில் தேய்க்கும் பாலிஷ் கல்லை மாற்ற வேண்டும்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் மீட்டர் சொல்லாது. எபாக்ஸி ரெசினின் (கல்லில் பூசும் பிசின்) ஒளிவிலகல் எண் குவார்ட்ஸுக்கு ரொம்பக் கிட்ட, அதனால் ரெசின் பளபளப்பா, கல் பளபளப்பா என்று மீட்டருக்குத் தெரியாது. விரிசலில் ரெசின் ஏற்றுவது வழக்கமான வேலை, அதில் குற்றமில்லை. கலர் ஏற்றிக் கறுப்புக் கல் என்று விற்பதுதான் அநியாயம். வெளியிலிருந்து வந்த ஒரு கறுப்பு ஸ்லாப் மீட்டரில் 90 தாண்டியது. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தேன், துணி கறுத்துவிட்டது. திருப்பி அனுப்பினோம். அப்புறம், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பார்ப்பேன். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. ஆய்வகத்தில் இதே சொட்டைக் கேமராவில் பிடித்து, விளிம்புக் கோணத்தை அளப்பார்கள். 90 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீரைத் தள்ளும் பரப்பு. பூச்சு என்ன ரசாயனம் என்று தெரிய வேண்டுமானால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

தோல் மாதிரி மங்கலாக விடும் லெதர் ஃபினிஷ்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் இந்த மாடல் வேண்டாம். 60 டிகிரியில் 10-க்குக் கீழே வரும் பரப்புக்கு 85 டிகிரிதான் சரி. கொஞ்சம் கூடக் கொடுத்து மூன்று கோண மீட்டராக வாங்கிவிடுங்கள்.