எதிர்ப்புக் கவிதைச் சிறுநூலுக்கு ரிசோகிராஃப்: ஒரு மதிப்பீடு

சைக்ளோஸ்டைல் (துளையிட்ட ஸ்டென்சில் தாள் வழியே மையைத் தள்ளிப் படியெடுக்கும் பழைய இயந்திரம்) பார்த்தவர்களுக்கு ரிசோகிராஃப் என்ற படியெடுக்கும் இயந்திரம் புதிதல்ல. 1942இல் மூனிக்கின் வெள்ளை ரோஜா மாணவர்கள் கதேயின் கவிதை வரிகளோடு ஹிட்லருக்கு எதிரான துண்டறிக்கை அடித்தது அந்தப் பழைய வகை இயந்திரத்தில்தான். ஜப்பானின் ரிசோ ககாக்கு நிறுவனம் 1980களில் கொண்டுவந்த ரிசோகிராஃப், ஸ்டென்சிலைத் தானே வெட்டிக்கொள்கிறது. மெல்லிய மாஸ்டர் தாளில் வெப்பத்தால் நுண்துளை இட்டு, டிரம்மில் (மை நிரப்பிய உருளையில்) சுற்றி, துளை வழியே மையைப் பிதுக்குகிறது. 100 முதல் 1000 படி வரை இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. 20 படிதான் தேவை என்றால் ஜெராக்ஸே போதும். மாஸ்டர் செலவு 10 படிக்கும் 1000 படிக்கும் ஒன்றுதான்.

ஏ4 தாளை இரண்டாக மடித்த 16 பக்கச் சிறுநூலுக்கு ஒரே நிறத்தில் 4 தாள், தாளின் ஒரு புறத்துக்கு ஒன்றாக 8 மாஸ்டர். வெளித்தாளின் ஒரு புறம் 16, 1. மறுபுறம் 2, 15. இந்த வரிசை பிசகினால் ஒரு கவிதை இன்னொன்றின் நடுவில் போய் முடியும். வெற்றுத் தாளை மடித்து எண் போட்டுப் பார்த்துவிட்டு மாஸ்டரில் கை வையுங்கள்.

பெரிய குறை மைதான். சூட்டில் உலர்த்தும் வேலையே இல்லை, தாள் உறிஞ்சினால்தான் காயும். ஆகவே பளபளப்புத் தாள் கூடவே கூடாது. பூச்சில்லாத 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் நன்றாக உறிஞ்சும். ஒரு புறம் அடித்து, ஓர் இரவு விட்டு, மறுபுறம் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் உருளைத் தடம் விழும். அட்டை முழுக்கக் கறுப்பாக்குவது (புரட்சிச் சிறுநூல்களின் தீராத ஆசை) வினையை வாங்குவது: தாள் டிரம்மில் ஒட்டும், அடுத்த தாளின் முதுகில் மை ஒற்றும். அடர்சாம்பலே போதும்.

ண, ணை, னை போன்றவற்றின் சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். எழுத்தின் அளவு 10 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே போக வேண்டாம். நீண்ட அடியைச் சுருக்கித் திணிக்காமல் மடக்கி, உள்தள்ளிப் போடுங்கள்.

எங்கே அச்சானது என்று காட்டிக்கொடுக்கும் தடயத்தையும் யோசிக்க வேண்டும். வண்ண லேசர் அச்சுப்பொறிகள் பலவும், கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தம் வரிசை எண்ணைத் தாளில் பதிக்கின்றன. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2005இல் அப்படியொரு குறியீட்டை உடைத்துக் காட்டியது. ரிசோவில் ஆபத்து இருப்பது கழிவுப் பெட்டியில். பயன்படுத்திய மாஸ்டரை விரித்துப் பிடித்தால் பக்கம் முழுவதையும் படித்துவிடலாம். பெயர் மறைத்து எழுதும் கவிஞர் இருந்தால், வேலை முடிந்த கையோடு பெட்டியைக் காலி செய்து, பயன்படுத்திய மாஸ்டர்களை எடுத்துச் செல்லுங்கள். கையுறை அவசியம், அந்த மை லேசில் போகாது.