முல்லைக் கொடி வெளுத்தால்: அன்னபேதியா, செலேட் இரும்பா?

இலை மஞ்சளானதும் யூரியாவைத் தேடாதீர்கள், முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, தொழு உரம் வையுங்கள். நுனித் துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. உப்புப் படியும் போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. எங்கள் மாடி முல்லைக்கும் இதே கதைதான், அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) தெளிப்பது, செலேட் (வேர் எடுக்கும்படி கரைந்தே நிற்க, வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு) ஊற்றுவது என இரண்டு வழியும் பார்த்துவிட்டு இப்போது செலேட்டோடு நிற்கிறேன்.

அன்னபேதி மலிவு, எந்த உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளிக்க வேண்டும். கரைத்த உடனே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருப்பிடித்த நிறமாகி வீணாகிவிடும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். சுவரில் பட்ட கறை லேசில் போகாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: செடிக்குள் இரும்பு எளிதில் இடம் மாறாது. இன்று தெளித்த இலை பச்சையாகும், அடுத்து வரும் துளிர் மறுபடி வெளுத்தே வரும். முல்லையோ துளிர்த்துக்கொண்டே இருக்கிற கொடி, துளிர் எல்லாம் பந்தல் உச்சியில். ஒவ்வொரு துளிர்ப்புக்கும் ஏணி போட்டு ஏறி, பூவும் மொட்டும் நனையாமல் தெளிப்பது நடக்கிற காரியமா?

செலேட்டை வேரில் ஊற்றினால் போதும், வருகிற துளிரே பச்சையாக வரும். ஆனால் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது, ஈடிடிஎச்ஏ (EDDHA) வகைதான் தாங்கும். விலை கூடுதல்தான், அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும். வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் மாலையில் மண்ணைக் கிளறி ஊற்றி, மூடிவிடுவேன். ஏற்கெனவே வெள்ளையாகிப் போன இலைகள் தேறும் என்று எதிர்பார்க்காதீர்கள், புதுத் துளிரைப் பாருங்கள்.

நான் சொல்வது தொட்டிக் கொடிக்கு. தரையில் நட்டதில் எனக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. அங்கே வேர் பரப்புக்கு செலேட் அதிகம் பிடிக்கும், கைக்கெட்டும் உயரத்தில் கொடி இருந்தால் அன்னபேதியே கட்டுப்படியாகலாம். அப்புறம் ஒன்று, வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு, இரண்டுமே அதற்கு மருந்தில்லை.