வம்சாவளி எழுத ஃபேமிலிசர்ச்: நம் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் பயன்படும்?

சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் குடும்பங்களில், யாராவது ஒருவர் பழைய தலைமுறைகளின் பெயர்களை எழுதி வைக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் சொல்வதும், பொங்கல் இறக்கி, கிடா விருந்து முடிந்து, வேன் ஏறியதும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடுவதும் வழக்கம். அந்த வேலையை முடித்துக் காட்டக் கைபேசியிலேயே கருவிகள் வந்துவிட்டன. அவற்றுள் கட்டணமே இல்லாததும், உலகெங்கும் அதிகம் பேர் பயன்படுத்துவதுமான ஃபேமிலிசர்ச் இணையதளத்தையும் அதன் செயலியையும், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து மலேசியா வரை கிளை பரப்பிய ஒரு குடும்பத்தின் ஒன்றுகூடலை மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். முன்னோர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இது நமக்கு அதிகம் உதவாது. தெரிந்தவற்றைச் சேர்த்துக் காப்பதற்கு நன்றாகவே உதவும்.

இத்தனை வசதியும் எப்படி இலவசமாகக் கிடைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. மார்மன் திருச்சபை என்று பரவலாக அறியப்படும் கிறித்தவப் பிரிவு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் இன்றைய வடிவமே ஃபேமிலிசர்ச் நிறுவனம். 1938 முதல் உலகின் பல நாடுகளிலிருந்த பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த பெட்டகத்தில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களை மின்வடிவமாக்கும் பணி 2021இல் முடிந்தது. இறந்துபோன முன்னோர்களுக்காக அவர்களுடைய சந்ததியார் கோயிலில் ஞானஸ்நானம் முதலான சடங்குகளைச் செய்யலாம் என்பது அச்சபையாரின் நம்பிக்கை. முன்னோரைத் தேடுவது அவர்களுக்கு மதக் கடமை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் இச்சடங்குகளில் சேர்க்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்பையடுத்து, யூத அமைப்புகளோடு 1995இல் ஓர் உடன்பாடும் செய்துகொண்டார்கள். சபையினர் தத்தம் முன்னோருக்கு மட்டுமே சடங்கு செய்ய வேண்டும் என்பது இன்றைய விதி. இதனால் சேவையை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாத்தா, பாட்டியின் பெயர்களை ஏற்றுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த விவரத்தைச் சொல்லிவிடுவதே முறை.

தேடல் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பவை நம்மில் பெரும்பாலோருக்கு ஏமாற்றமளிக்கும். ஆங்கிலேயர் காலத்துத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் அட்டவணைகள் உள்ளன. அவற்றில் இருப்போர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், ஓரளவு இந்தியக் கிறித்தவர். ஹரித்துவார் போன்ற தலங்களில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் வழிவழியாக எழுதிவந்த யாத்திரிகர் ஏடுகளும் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன, ஆனால் அவை பெரும்பாலும் வடநாட்டுக் குடும்பங்களைப் பற்றியவை. நம் வம்சாவளிக்கான ஆதாரம் வேறிடத்தில், அநேகமாக வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருக்கிறது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: எழுதிக் கொடுப்பவரின் பெயர், காலஞ்சென்ற தகப்பனார் பெயர், வயது, குடியிருக்கும் கிராமம், பாகம் பெறும் சகோதரர்களின் வரிசை, நான்கெல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரரான பங்காளியின் பெயர் என்று ஒரே முத்திரைத்தாளில் மூன்று தலைமுறை வந்துவிடும். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றிதழும் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ பதிவேடு’ என்ற நிலப் பதிவேடும் தரும் செய்திகளுக்கு ஈடான எதுவும் இந்தத் தளத்தில் இல்லை.

கடல் கடந்தவர்களின் நிலை, எந்த நாட்டுக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை அப்பகுதியான நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை பதிவாகியுள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பூர்வீக கிராமத்தைத் தேடி வரமுடிகிறது. தோட்ட வேலைக்கு ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்து மலாயா போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு குறைவு. ‘ரஜூலா கப்பல்ல வந்தாரு’ என்ற ஒரு வரிதான் பல வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடியதால், அந்த வரியைக் கொண்டு ஆண்டையும் உறுதிசெய்ய முடியாது.

இனி, தளத்தில் வம்சாவளியைப் பதியும் பகுதியான குடும்ப மரத்துக்கு வருவோம். இதன் படிவங்கள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்காக வகுக்கப்பட்டவை. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பமே மாறிவிட்டதுபோலத் தெரியும். ஆகவே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஊர்ப் பெயரையும் பட்டப்பெயரையும் வழக்குப் பெயரையும் மாற்றுப் பெயர்கள் பகுதியில் சேர்ப்பதே சரியான வழி. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால், ஒரே வீட்டில் மூன்று கருப்பையாக்கள் இருப்பார்கள். இருவர் ஒருவரே என்று கருதி இணைக்கச் சொல்லித் தளம் பரிந்துரை காட்டினால், பிறந்த காலத்தையும் மனைவி பெயரையும் ஒப்பிடாமல் சம்மதிக்கக் கூடாது.

உறவுமுறைத் திருமணங்களைத் தளம் தடுப்பதில்லை, ஆனால் விசிறி வடிவ வரைபடம் தடுமாறுகிறது. அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளையை நடுவில் வைத்துப் பார்த்தால், அப்பா வழித் தாத்தாவும் பாட்டியும் இரண்டாம் வளையத்தில் ஒருமுறையும், அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெற்றோராக மூன்றாம் வளையத்தில் மறுமுறையும் வருவார்கள். நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்தாம் பிழை என்று நினைத்துத் திருத்தப் போவார்கள். அத்தை மகளையும் சித்தப்பா மகளையும் ஒரே வகை உறவாகக் காட்டுவதையும் குறையாகவே சொல்ல வேண்டும்; கட்டிக்கொள்ளும் முறையும் உடன்பிறப்பு முறையும் அதற்கு ஒன்றுதான். சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெற்றவர், எடுத்து வளர்த்தவர் என இருவகைப் பெற்றோரையும் இணைக்க முடிவது பாராட்டத்தக்கது. அக்காள், தங்கை இருவரையும் மணந்த பழைய தாத்தாக்களுக்கும் இடமிருக்கிறது. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் 1949 சட்டம் வருவதற்கு முன் அப்படிப்பட்ட தாத்தாக்கள் குறைவில்லை.

இங்கே உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே மரம்தான். காலமானவர்களைப் பற்றிய பதிவை எந்த உறுப்பினரும் மாற்றலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு பதிவாகும் என்பதும் பழைய நிலைக்குத் திருப்ப முடியும் என்பதும் ஆறுதல். மலேசியாவின் ஈப்போவிலுள்ள ஒன்றுவிட்ட தம்பி தன் கிளையைத் தானே சேர்க்க இந்த அமைப்பு வசதியானது. ஆனால் கோயிலில் முதல் மரியாதை மூத்த தாரத்து வாரிசுக்கா, இளைய தாரத்து வாரிசுக்கா என்று வழக்கிருக்கும் குடும்பங்கள், யார் கையும் படக்கூடிய மரத்தில் தங்கள் தகராறையும் ஏற்றிவைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு, சொந்தக் கணினியிலேயே தகவலை வைத்துக்கொள்ளும் கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளே ஏற்றது. உயிரோடு இருப்பவர்களின் விவரம் ஃபேமிலிசர்ச்சில் பொதுப் பார்வைக்கு வருவதில்லை.

நான் மிக உயர்வாக மதிப்பது நினைவுகள் என்ற பகுதியைத்தான். படங்களையும் பத்திர நகல்களையும் ஏற்றலாம், குழுப்படத்திலுள்ள ஒவ்வொரு முகத்தையும் மரத்திலுள்ள ஆளோடு இணைக்கலாம், பெரியவர்கள் பேசுவதைச் செயலியிலேயே ஒலிப்பதிவு செய்து அந்தந்த ஆளின் பக்கத்தில் சேர்க்கலாம். ஆச்சியிடம் பிறந்த தேதி கேட்டால் கிடைக்காது. ‘தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப உங்கப்பன் கைப்பிள்ளை’ என்பார். உத்தேசமாக 1964 என்று அதைப் பதிய முடியும். மூத்தவர்களின் குரல் போனபின் இதற்கு வேறு வழியில்லை என்பதால், மரம் முழுமையடையும் வரை காத்திராமல் ஒலிப்பதிவைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

ஒன்றுகூடல் நாளன்று, அருகிலிருக்கும் செயலிப் பயனர்கள் தமக்குள் என்ன உறவு என்று பார்க்கும் வசதி இளையவர்களுக்கு நல்ல விளையாட்டு. எல்லோருடைய கிளையும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். கோயில் காட்டில் சிக்னல் கிடைக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட, வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, பந்தல் காலில் கட்டி, பக்கத்தில் ஒரு பேனாவையும் தொங்கவிடுவது மேல். செயலியைத் தொடவே தயங்கும் பெரியப்பாக்களும் அத்தைகளும் தாளில் விடுபட்ட பெயர்களைச் சொல்லத் தயங்குவதில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஊர் திரும்பிய வாரத்திலேயே, சொன்னவர் யார் என்ற குறிப்புடன் தளத்தில் ஏற்றிவிடலாம்.