சொந்தப் புத்தகத்தோடு போகலாம்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்

நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிப்போம், ரூபாய்க்கு 10 காசு. “எங்க ஊர் லைப்ரரி எப்ப திறக்குது, எப்ப பூட்டுதுன்னே தெரியல, இதுக்கு எதுக்கு சார் காசு?” என்று கேட்காத தெரு கிடையாது. நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த ஒரு கிளை நூலகத்தில் மழை வந்தால் நாளிதழ் மேசையை நகர்த்திப் போடுவார்கள். அப்படிக் கேட்டவர்களையெல்லாம் ஒரு தடவையாவது சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கிற இந்த நூலகத்துக்குக் கூட்டிவர வேண்டும்.

பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் பக்கம்தான். கட்டணம் கிடையாது. தரைத் தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்லி பிரிவு, முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு, இரண்டாம் தளம் முழுக்கத் தமிழ் நூல்கள். எல்லாமே நன்றாக இருக்கின்றன. ஆனால் எனக்கு மனசு நின்றது தரைத் தளத்தில், நம் புத்தகத்தையே கொண்டுவந்து உட்கார்ந்து படிக்கிற சொந்த நூல் படிப்பகத்தில்.

வீட்டில் மேசை இல்லாதவர்கள், ஒற்றை அறையில் நாலு பேரோடு இருப்பவர்கள் அங்கே வந்து குரூப் தேர்வுக்குப் படிக்கிறார்கள். என் பக்கத்தில் இருந்த பையன் கையில் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. அடிப்படை உரிமைகள் பாடத்தில் பிரிவு 32-ஐப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, உதடு மட்டும் அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அரசியல் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்ன பிரிவு அது. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம்.

இதெல்லாம் அறிவா, வேலைக்கு மனப்பாடம்தானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு அந்தப் பையன் ஏதோ ஒரு தாலுகா ஆபீசில் உட்காருவான். முதியோர் உதவித்தொகை மனுவோடு ஒரு பாட்டி வந்து நிற்பார். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது அவனுக்கு அப்போது உறைத்தால் போதும், படித்ததற்குப் பலன் வந்துவிட்டது. “நூல்கள் பயன்பாட்டிற்கே” என்று நூலகங்களுக்கு முதல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1948 சென்னை பொது நூலகச் சட்டத்துக்காகப் பாடுபட்டவரும் அவர்தான்.

இந்தக் கட்டடத்துக்கே ஒரு கண்டம் வந்தது. 2010 செப்டம்பரில் கருணாநிதி திறந்துவைத்தார். மறுவருடமே ஜெயலலிதா அரசு இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தது. மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதற்கு நூலகத்தை ஏன் காலி செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறட்டும், வாசகன் நாற்காலியில் கை வைக்கக் கூடாது. எந்தக் கட்சி வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வந்த பிறகும் ஒருநாள் வாருங்கள், நேரே இரண்டாம் தளத்துக்குப் போங்கள். அங்கே யாரும் கேள்வித்தாள் தர மாட்டார்கள், பிடித்ததை எடுத்துப் படிக்கலாம். சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள், கீழே இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.