மின்சாரம், காந்தம், ஒளி: இயற்கணித வகுப்பா, நுண்கணித வகுப்பா?

கல்லூரி இயற்பியலில் இயந்திரவியல் முடிந்த கையோடு வருவது மின்சாரம், காந்தம், ஒளி. பல கல்லூரிகள் இதை இரண்டு வகுப்புகளாக நடத்துகின்றன. ஒன்றுக்கு இயற்கணிதமும் முக்கோணவியலும் போதும். மற்றொன்றுக்கு நுண்கணிதம் வேண்டும். கூலும் விதி, மின்தேக்கி, மின்சுற்று, காந்தப்புலம், ஃபாரடே விதி, வில்லை, குறுக்கீடு என்று தலைப்புகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு எதற்குக் கடினமானதை எடுக்க வேண்டும்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 1 மீட்டர் நீளக் கோல் ஒன்றில் 1 நானோகூலும் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக அரை மீட்டர் தள்ளி மின்புலம் எவ்வளவு? இயற்கணித வகுப்பில் கைவசம் இருப்பவை இரண்டு சூத்திரங்கள். கோலைப் புள்ளி மின்னூட்டமாகக் கொண்டால் கூலுமுக்கு 36 நியூட்டன். முடிவில்லாத கம்பியாகக் கொண்டாலும் அதே 36. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதால் சரிதான் என்று தோன்றும். ஆனால் உண்மையான விடை 25.4. தூரம் கோலின் நீளத்தில் சரிபாதியாக இருந்தால் அந்த இரண்டு சூத்திரங்களும் ஒரே எண்ணைத்தான் தரும். அதனால் வந்த ஒற்றுமை அது. தூரம் நீளத்தைவிட மிக அதிகமானால் முதல் சூத்திரம் பொருந்தும், மிகக் குறைந்தால் இரண்டாவது பொருந்தும். இடைப்பட்ட தூரத்துக்குத் தொகையீட்டை, அதாவது எண்ணற்ற சிறு துண்டுகளின் பங்குகளைக் கூட்டும் நுண்கணித முறையை, விட்டால் வேறு வழியில்லை.

நுண்கணித வகுப்பில் இதே கணக்கு வேறு இடத்தில் சறுக்கும். கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் தரும் புலத்தை அப்படியே கூட்டினால் 28.2 வரும். புலம் திசை உள்ளது. கோலுக்கு இணையான கூறுகள் இருபுறமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செங்குத்துக் கூறு மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு துண்டின் புலத்தையும், அது செங்குத்துத் திசையோடு அமைக்கும் கோணத்தின் கொசைனால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். இந்த வகுப்பில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தொகையீட்டின் நுட்பத்தில் இல்லை, அதற்கு முந்தைய இந்தப் படம் வரையும் கட்டத்தில்தான். சமச்சீரைப் பார்த்து எந்தக் கூறு மிஞ்சும் என்று முதலில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூடிய பரப்புக்குள் அடைபட்ட மின்னூட்டத்தை அந்தப் பரப்பிலுள்ள மின்புலத்தோடு இணைக்கும் காஸ் விதியிலும் கதை இதுவே. கோளம், நீள உருளை, அகன்ற தகடு ஆகிய மூன்றுக்கும் பெருக்கல் வகுத்தலிலேயே விடை வந்துவிடும். கோளத்தின் மின்னூட்ட அடர்த்தி மையத்திலிருந்து விலக விலக மாறுகிறது என்று கேள்வியில் ஒரு வரி சேர்ந்தால் போதும், உள்ளே எவ்வளவு மின்னூட்டம் அடைபட்டிருக்கிறது என்பதற்கே தொகையீடு தேவைப்படும்.

காந்தப் பாயம் (சுருளின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் அளவு) மாறினால் மின்னழுத்தம் பிறக்கும் என்னும் ஃபாரடே விதியில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. 100 சுற்றுள்ள, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சுருள் 0.05 டெஸ்லா புலத்தில் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. பாய மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் கால் சுற்றுக்கு 10 வோல்ட் கிடைக்கும். அது சராசரி. உச்ச மின்னழுத்தம் 15.7 வோல்ட். அதைப் பெறப் பாயத்தை வகையிட வேண்டும், அதாவது ஒவ்வொரு கணத்திலும் அது மாறும் வேகத்தைக் காண வேண்டும். இயற்கணித வகுப்பில் உச்ச மதிப்புக்கான சூத்திரத்தையும் தந்துவிடுவார்கள். எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்ட முடியாது.

மின்சுற்றுகளில், மின்தேக்கி நிரம்புவதைத் தவிர, இரு வகுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒளியிலும் அப்படித்தான்: வில்லைச் சமன்பாட்டில் குறி மாறினால் இரண்டிலும் ஒரே தவறு. மின்காந்த அலை மட்டும் விதிவிலக்கு. 1865-இல் மேக்ஸ்வெல் தன் சமன்பாடுகளிலிருந்தே ஒளியின் வேகத்தை எட்டிய வழியை நுண்கணித வகுப்பில் வரி வரியாகப் பின்தொடரலாம். இந்தப் பாடத்தின் உச்சம் அதுவே. அதை வெறும் அறிவிப்பாகக் கேட்டுவிட்டுப் போவது பெரிய இழப்பு.

ஆகவே பொறியியல், இயற்பியல், வேதியியல் பக்கம் போகிறவர்கள் நுண்கணித வகுப்பையே எடுக்கலாம். பின்னால் மாறிக்கொள்ளலாம் என்று இயற்கணித வகுப்பில் சேர்ந்தால், பொறியியல் துறைகள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை; பாடத்தை மறுபடி படிக்க நேரும். உயிரியல், மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு இயற்கணித வகுப்பு பொதுவாகப் போதும். சேரும் முன் ஒரு சோதனை: மேலே சொன்ன கோல் கணக்கின் தொகையீட்டை, கோல் நெடுக அளக்கும் தூரத்துக்குப் பதில் ஒரு கோணத்தின் டேஞ்சன்டைப் பிரதியிட்டு, புத்தகம் பார்க்காமல் முடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் முதலில் நுண்கணிதத்தை ஒரு பருவம் படித்துவிடுங்கள். இயந்திரவியலைப் போல இங்கே அவகாசம் கிடையாது. தொடக்க வாரங்களிலேயே தொகையீடு வந்துவிடும்.

எந்த வகுப்பானாலும், கணினி உருவகமா நேரடி ஆய்வகமா என்ற தேர்வு கிடைத்தால் நேரடியைக் கேளுங்கள். 9 வோல்ட் மின்கலம், 1 மெகாஓம் மின்தடை, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மூன்றையும் வரிசையாக இணைத்து மின்தேக்கியை நிரப்புகிறோம் என்று கொள்ளுங்கள். திரையில் காலமாறிலி (மின்தேக்கி எவ்வளவு விரைவாக நிரம்புகிறது என்பதைக் காட்டும் நேரம்) பிசகாமல் 10 நொடி, இறுதி அழுத்தம் 9 வோல்ட். மேசையில் மல்டிமீட்டரை மின்தேக்கியின் குறுக்கே வைத்தால் அழுத்தம் 8.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. காலமாறிலியும் சுமார் 9.1 நொடியாகும். மீட்டரின் 10 மெகாஓம் உள்தடை வழியே மின்னோட்டம் கசிவதால் வரும் விளைவு இது. மின்தடையை 100 கிலோஓமாகவும் மின்தேக்கியை 100 மைக்ரோஃபாரடாகவும் மாற்றினால் காலமாறிலி அதே 10 நொடிதான், மீட்டரின் குறுக்கீடு 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த அளவு மின்தேக்கி பொதுவாக மின்பகு வகை. அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை விலகலாம் என்பதால், கணக்கிடும் முன் அதைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். பட்டை போட்ட கால் மின்கலத்தின் எதிர்மின் (−) முனைப் பக்கம் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் சூடேறி வெடிக்கக்கூடும்.