லீஸ் முடிந்த காரை டீலர் மூலம் வாங்கி ஏமாந்த கதை: கணக்கோடு ஓர் எச்சரிக்கை

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறேன். 2021 அக்டோபரில் ஒரு சிறிய எஸ்யூவியை மூன்றாண்டு லீஸுக்கு (மாதாமாதம் பணம் கட்டி ஓட்டும் வாடகை ஒப்பந்தத்துக்கு) எடுத்து, 2024 அக்டோபரில் லீஸ் முடிந்தபோது அதே காரை விலைக்கு வாங்கினேன். வாங்கியது சரியான முடிவுதான். வாங்கிய வழியில்தான் ஏமாந்தேன். இங்கே நம்மவர்களில் லீஸ் கார் ஓட்டுபவர்கள் ஏராளம் என்பதால், நடந்ததைத் தொகைகளோடு எழுதுகிறேன். டீலரின் பெயரை எழுதப் போவதில்லை. இது எந்த டீலரிடமும் நடக்கக்கூடியது.

முதலில், வாங்கலாம் என்று ஏன் முடிவு செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லீஸ் முடிவில் காரை என்ன விலைக்கு வாங்கலாம் என்பது லீஸ் தொடங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. என் ஒப்பந்தத்தில் அது 19,840 டாலர், அதோடு வாங்கும் உரிமைக் கட்டணம் 300 டாலர். பழைய கார்களை வாங்கும் இரண்டு நிறுவனங்களிடம் இணையத்தில் விலை கேட்டபோது ஒன்று 22,500, மற்றொன்று 23,100 சொன்னது. ஆகவே சந்தை விலையைவிட இரண்டாயிரம் டாலருக்கும் மேல் குறைவாகக் கார் எனக்குக் கிடைக்கும். விபத்தில் சிக்காத கார். எண்ணெய் மாற்றியது முதல் டயர் மாற்றியது வரை எல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்டுக்கு 10,000 மைல் வரை ஓட்டலாம் என்பது ஒப்பந்தம். வீட்டிலிருந்து வேலை செய்த காலம் முடிந்து அலுவலகம் போகத் தொடங்கியதால் ஓடோமீட்டர் 38,200ஐத் தொட்டுவிட்டது. கூடுதல் மைலுக்கு 20 சென்ட் வீதம் 8,200 மைலுக்கு 1,640 டாலர், காரைத் திருப்பிக் கொடுப்பதற்கான கட்டணம் 395 டாலர், ஆக 2,035 டாலரைத் திருப்பித் தருபவன் கட்ட வேண்டும். வாங்குபவன் இந்த இரண்டில் எதையும் கட்ட வேண்டியதில்லை. இதை நான் அன்று தெளிவாக அறிந்திருக்கவில்லை. என்னை ஏமாற்ற டீலருக்கு இந்த அறியாமையே போதுமானதாக இருந்தது.

லீஸ் முடிய மூன்று வாரம் இருக்கும்போது டீலர் கடையிலிருந்து அழைப்பு வந்தது. போனேன். ஃபைனான்ஸ் மேனேஜர் காரைச் சுற்றி வந்து, பின் பம்பரில் இருந்த ஒரு கீறலின் மேல் தன் கிரெடிட் கார்டை வைத்துக் காட்டினார். கீறல் அட்டையின் ஓரத்தைத் தாண்டி அரை அங்குலம் நீண்டிருந்தது. அட்டைக்குள் அடங்கினால் கட்டணம் இல்லை, இது அடங்கவில்லை, பழுதுக்கு 400 டாலராவது ஆகும் என்றார். பிறகு மைல் கணக்கைத் தாளில் எழுதி, கட்டணங்களைக் கூட்டி, அந்தத் தொகையைச் சுற்றி வட்டம் போட்டார். எங்கள் மூலமாகக் காரை வாங்கிக்கொண்டால் இவை அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்றார். நன்றி சொன்னேன். காரை வாங்குகிற எவருக்கும் இயல்பாகவே இல்லாத ஒரு கட்டணத்தை அவர் தள்ளுபடி செய்தார் என்பது பின்னால்தான் புரிந்தது.

அதன் பிறகு பேச்சு முழுவதும் மாதத் தவணையைப் பற்றியே நடந்தது. இதுவரை மாதம் 389 டாலர் லீஸ் கட்டினீர்கள், இனி 472 கட்டினால் கார் உங்களுடையது என்றார். கையெழுத்து ஒரு டேப்லெட்டில். அவர் பக்கங்களைத் தள்ளத் தள்ள, மஞ்சள் கட்டம் வந்த இடத்திலெல்லாம் விரலால் கையெழுத்திட்டேன். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அன்று இரவு என் மனைவி பழைய லீஸ் ஒப்பந்தத்தை எடுத்து, மின்னஞ்சலில் வந்த புதிய பத்திரத்தின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்தாள். காரின் விலை என்ற வரியில் 21,635 என்று இருந்தது. வர வேண்டியது 20,140. இடையில் உள்ள 1,495 டாலர் சோதனைச் சான்றிதழுக்கான கட்டணமாம். அது தனி வரியாகக்கூட இல்லாமல் விலைக்குள் கரைந்திருந்தது. நியூ ஜெர்சியில் புதிய காருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு மாநிலச் சோதனை கிடையாது. என் கார்க் கண்ணாடியின் ஸ்டிக்கரில் இன்னும் இரண்டாண்டு மீதி இருந்தது. அடுத்து, பத்திர வேலைகளுக்காக டீலர் வாங்கும் ஆவணக் கட்டணம் 799. அதற்கும் கீழே, நான் கேட்காத நீட்டிப்பு வாரண்டி 2,190. என் காரின் இன்ஜினுக்கும் கியருக்கும் தயாரிப்பாளர் வாரண்டியே 60,000 மைல் வரை இருக்கிறது. இந்தக் கூடுதல் தொகைகள் அனைத்தின் மீதும் 6.625 சதவீத விற்பனை வரி வேறு. ஆகமொத்தம் ஏறத்தாழ 4,780 டாலர் அதிகம். கடன் வட்டி 8.9 சதவீதம், 72 மாதம். அதே வாரத்தில் எங்கள் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குக் கடன் தரும் கூட்டுறவு வங்கி போன்றது) சொன்ன வட்டி 6.4. சரியான விலைக்கு 60 மாதக் கடன் வாங்கியிருந்தால் மாதம் சுமார் 419 டாலரோடு முடிந்திருக்கும். கடைசித் தவணை வரை கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 8,800 டாலரைத் தாண்டுகிறது.

மறுநாளே போய் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொன்னேன். முடியாது என்றார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. வீட்டு வாசலில் வந்து விற்பவர்களிடம் வாங்கியதை மூன்று நாளில் திருப்பித் தர வழி செய்யும் கூட்டாட்சி விதி, டீலர் கடையில் போய் வாங்கும் காருக்குப் பொருந்தாது. மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்று நம்மில் பலரும் நம்புகிறோம். தயவுசெய்து அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீட்டிப்பு வாரண்டியை எழுத்து மூலம் ரத்து செய்ய முடிந்தது. ஆனால் அந்தப் பணம் என் கைக்கு வராமல் கடன் கொடுத்தவரிடம் போய் அசலில் கழிந்தது. மாதத் தவணை ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. பிறகு மீதிக் கடனைக் கிரெடிட் யூனியனுக்கு மாற்றிக்கொண்டேன். சான்றிதழ்க் கட்டணம் குறித்து மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் இரண்டு ஒப்பந்தங்களின் நகலோடு புகார் கொடுத்த பிறகு, டீலர் 1,495 டாலரைத் திருப்பித் தந்தார். ஆவணக் கட்டணம் போனது போனதுதான்: நியூயார்க்கில் அதற்கு 175 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு, நியூ ஜெர்சியில் அப்படி எதுவும் இல்லை. லீஸ் முடிவில் வாங்க வந்தவர்களிடம் ஒப்பந்த விலைக்கு மேல் கட்டணங்களை ஏற்றிய டீலர்கள் மீது நியூயார்க் அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) லெட்டீஷியா ஜேம்ஸின் அலுவலகம் நடவடிக்கை எடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஆகவே இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று எண்ணிவிட வேண்டாம்.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். காரின் உண்மையான உரிமையாளர் டீலர் அல்ல, ஃபைனான்ஸ் கம்பெனி. அவர்களுக்கு நேரடியாகப் போன் செய்து, வாங்கும் விலையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பணம் கட்டியதும் உரிமைப் பத்திரம் தபாலில் வரும். அதையும் ஓடோமீட்டர் படிவத்தையும் மோட்டார் வாகன ஆணைய அலுவலகத்துக்கு எடுத்துப் போய் வரியைக் கட்டி நம் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். சில கம்பெனிகள் டீலர் வழியாகத்தான் வர வேண்டும் என்கின்றன. அப்போதும் ஒப்பந்தத்தில் உள்ள விலையே விலை. 1976ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டப்படி, வாங்கும் உரிமை உண்டென்றால் அதன் விலையைத் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023க்குப் பிறகு லீஸுக்கு எடுக்கப்பட்ட பல மின்சாரக் கார்களின் சந்தை விலை, ஒப்பந்த விலையைவிட வெகுவாக இறங்கிவிட்டது. அப்படி இறங்கியிருந்தால், மைல் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

என் மனைவியின் காருக்கு வரும் மார்ச்சில் லீஸ் முடிகிறது. ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அதில் உள்ள தொகை ஒப்பந்தத்தில் உள்ளதோடு டாலர் பிசகாமல் ஒத்துப்போகிறது. காசோலையை நேரே அவர்களுக்கே அனுப்பும்படி கிரெடிட் யூனியனில் சொல்லி வைத்திருக்கிறோம்.