உடலுக்குள் நீந்தும் நுண்ரோபோ: எரிபொருளா, அல்ட்ராசவுண்டா, காந்தமா?

முடியைவிட மெல்லிய ரோபோவுக்குள் பேட்டரி வைக்க இடமில்லை. உந்துவிசை வெளியிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் சுற்றியுள்ள திரவத்திலிருந்தே கிடைக்க வேண்டும். என் ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று வழிகளையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் காந்தத்தை எடுத்தேன்.

வேதி எரிபொருள் பார்க்க அழகு. மெக்னீசியத் துகள் இரைப்பை அமிலத்தில் பட்டதும் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி அதைத் தள்ளும். ஆனால் உலோகம் கரைந்து தீர்ந்ததும் ஓட்டமும் நின்றுவிடும், நடுவில் நிறுத்தவும் முடியாது. திசையும் அதன் கையில் இல்லை. திருப்புவதற்காக நிக்கல் பூச்சு கொடுத்து, கடைசியில் காந்தத்தைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் வலுவான போட்டியாளர். ஆழமாகப் போகும், மருத்துவமனைகளுக்குப் பழக்கமானது. எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே வந்தால் மட்டும் திணறும்.

எனக்கு முடிவைத் தந்தது திசைக் கட்டுப்பாடு. காந்தப்புலம் தசை, எலும்பு எதிலும் தடைபடாது. தள்ளுவதும் திருப்புவதும் ஒரே புலம். மாண்ட்ரியலில் சில்வெய்ன் மார்ட்டெல் குழு 2007-இல், உயிருள்ள பன்றியின் கழுத்துத் தமனியில் 1.5 மி.மீ. உருண்டையை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைக் கொண்டே நகர்த்திக் காட்டியது.

ஆனால் அது இழுத்து நகர்த்தும் முறை. உருவம் 10 மடங்கு சிறுத்தால் காந்தம் இழுக்கும் விசை 1,000 மடங்கு குறையும், திரவத்தின் எதிர்ப்போ 10 மடங்குதான் குறையும். அதே புலத்தில் வேகம் 100 மடங்கு விழும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இழுவையை விட்டுவிட்டுச் சுழற்சிக்கு வரத்தான் வேண்டும். அந்த அளவில் தண்ணீரே தேன்போலப் பிசுபிசுக்கும். முன்னே போன அசைவையே பின்னோக்கிச் செய்தால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும் என்று 1977-இல் இயற்பியலாளர் பர்செல் விளக்கினார். ஒரே பக்கமாகச் சுழலும் திருகுச்சுருளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சூரிச்சில் பிராட்லி நெல்சன் குழு 2009-இல் செய்த சுருள்வால் ரோபோக்கள் அப்படிப்பட்டவை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று ஜோடிக் கம்பிச்சுருள்களில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் புலம் சுழலும், ரோபோவும் கூடவே சுழன்று முன்னேறும். சுழல் அச்சைச் சாய்த்தால் அதுவும் அந்தப் பக்கம் திரும்பும். சில மில்லிடெஸ்லா (காந்தப்புல அலகு) வலுவே போதும். புலம் சுழலும் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரோபோ புலத்தோடு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறி, வேகம் திடீரென்று சரியும். கண்ணாடித் தட்டில் இதை நுண்ணோக்கியில் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. நான் பார்த்தது அசையாத திரவத்தில்தான், பெரிய தமனியின் ஓட்டத்தை இந்தச் சுருள்வால் ரோபோ எதிர்த்து நீந்தும் என்று சொல்ல மாட்டேன். தூரம் கூடினால் புலம் சட்டென்று வலுவிழக்கும், எலிக்குப் போதுமான கம்பிச்சுருள்கள் மனித உடலுக்குப் பத்தாது. உள்ளே ரோபோ எங்கே இருக்கிறது என்பதையும் இந்தப் புலம் காட்டாது. அந்த வேலைக்கு அல்ட்ராசவுண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.